லாஜிக் இடிக்கிறதா? தமிழ்ச் சின்னத்திரை அறிவியல் புனைவும் திருநள்ளாற்றுச் செயற்கைக்கோளும்

சனிப்பெயர்ச்சி நெருங்கும்போதெல்லாம் ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். காரைக்காலை அடுத்த சனித் தலமான திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, சனிக் கோளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கருநீலக் கதிர்கள் கோயில் மீது விழுவதே காரணம், நாசா இதை ஆராய்ந்து திகைத்துப்போனது, விஞ்ஞானிகள் நேரில் வந்து கும்பிட்டுச் சென்றார்கள் என்பது அதன் சாரம். ஆண்டுக்கணக்காக உலவும் செய்தி. சொற்கள் கொஞ்சம் மாறும், சாரம் மாறாது.

இதைப் பொய்ச் செய்தி என்று ஒதுக்குவோர் உண்டு. பக்தியோடு பத்துப் பேருக்கு அனுப்புவோரும் உண்டு. நான் இதை வேறொரு வரிசையில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அமைப்பைப் பார்த்தால் இது ஓர் அறிவியல் புனைகதை. கோள், விண்கலம், மர்மக் கதிர், திகைக்கும் விஞ்ஞானி, கடைசியில் ஒரு விளக்கம் என அந்த வகைமைக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாமே இதில் உள்ளன. அப்படியென்றால் அறிவியல் புனைவை எடைபோடும் அளவுகோலை இதன் மேலும் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். அந்த அளவுகோலைக் கடன் வாங்க எங்கும் போக வேண்டியதில்லை. மாயமும் அறிவியலும் கலந்த தொடர்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாகச் சண்டை போட்டுவரும் தமிழ்ப் பார்வையாளர்களிடமே அது இருக்கிறது. 'லாஜிக் இடிக்குதே' என்ற இரண்டே சொற்களில் அவர்கள் அதை வெளிப்படுத்துகிறார்கள்.

இப்படிச் சண்டை போடும் ரசிகர்களை வேலையற்றவர்கள் என்று நினைப்பது வழக்கம். உலகத் தொலைக்காட்சி வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, பியோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜான் டிரிம்பிளும் முன்னின்று நடத்திய கடித இயக்கம் என்பிசி நிறுவனத்தை அசைத்தது. 1968இல் தொடர் நீடிக்கும் என்று நிறுவனம் திரையிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்படிப் போராடிப் பெற்ற மூன்றாம் பருவத்தைத்தான் அதே ரசிகர்கள் தரம் குறைந்தது என்று இன்றுவரை விமர்சிக்கிறார்கள். பணம் குறைக்கப்பட்டது, வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது, தயாரிப்புப் பொறுப்பு கைமாறியது. இந்தக் காரணங்களையெல்லாம் ரசிகர்கள் அறிவார்கள். ஆனாலும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடவில்லை. தொடரைக் காப்பாற்றக் கடிதம் எழுதியதும் அதன் மோசமான அத்தியாயத்தை மோசம் என்று சொன்னதும் ஒரே அன்பின் இரண்டு செயல்கள்.

பிரிட்டனில் இதைவிட அழுத்தமான நிகழ்வு ஒன்று உண்டு. 1963 முதல் பிபிசி ஒளிபரப்பிவந்த 'டாக்டர் ஹூ' 1986இல் தள்ளாடிக்கொண்டிருந்தது. 'ஓப்பன் ஏர்' என்ற நேயர் நிகழ்ச்சிக்கு வந்த ஒரு பதின்வயது ரசிகர், தொடரின் எழுத்து சரியில்லை என்று அதன் கதாசிரியர்களிடமே சொன்னார். அவர் பெயர் கிறிஸ் சிப்னால். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே தொடரின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2018 முதல் 2022 வரை அவர் நடத்திய பருவங்களை, குறிப்பாக நாயகனின் பிறப்பு வரலாற்றையே மாற்றிய 2020ஆம் ஆண்டு அத்தியாயத்தை, அடுத்த தலைமுறை ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்த கதையின் அடித்தளத்தை ஒரே அத்தியாயத்தில் மாற்றலாமா என்பதே அவர்கள் கேள்வி. தொலைபேசிப் பெட்டி வடிவில் இருக்கும் காலயந்திரத்தை அவர்கள் ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை. இந்த வகைமையின் ரசிகர்களைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியமானது. நடக்க முடியாத ஒன்றை ஒரு தடவை சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்; சொன்ன பிறகு அதற்குரிய விதியை மீறினால் மன்னிப்பதில்லை.

தமிழில் இந்தப் பாடத்தைத் தொடங்கிவைத்தவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர். 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' 1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அதாவது நாம் இப்போது கடந்துவிட்ட காலத்தில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்களுக்கு எண்களும் இரண்டெழுத்துப் பெயர்களுமே உண்டு. குழந்தை பெறுவதற்கு அரசின் அனுமதி தேவை. நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவி என்பவன் அவள் வீட்டுக்கு வருகிறான், அவனோடு ஜீனோ என்ற இயந்திர நாயும் வருகிறது. புத்தகம் படித்துக் கருத்துச் சொல்லும் நாய் அது.

நாவலைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை இதைப் பற்றிப் பேசும்போது இன்றும் இரண்டு அணியாகப் பிரிகிறது. அட்டை அரங்கம், மட்டமான வெளிச்சம், எதிர்காலம் என்று நம்ப முடியாத உடைகள் என்று குறை சொல்வது ஓர் அணி. அன்றைய தூர்தர்ஷனின் கைப்பணத்தில் வேறென்ன முடியும், கதை இழுத்துக்கொண்டு போனதே என்பது மற்ற அணி. எனக்கு இரண்டாம் அணியே சரியாகப் படுகிறது. காரணம் பணத்தில் இல்லை, கதையின் நேர்மையில் இருக்கிறது. ஜீவா என்ற ஆள் உண்மையில் இல்லை, முப்பரிமாண ஒளிப்பிம்பம் மட்டுமே என்று கதை வெளிப்படுத்துகிறதே, அந்தத் திருப்பத்துக்கான விதி முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. பிம்பத்தால் தொட முடியாது, தூரத்தில்தான் காட்சி தர முடியும். எனவேதான் தலைவரை யாரும் நெருங்க விடவில்லை. சர்வாதிகாரம் என்ற அரசியல் நிலையும் ஒளியியல் என்ற அறிவியலும் ஒரே முடிச்சில் அவிழ்கின்றன. அரங்கம் அட்டையாக இருந்தாலும் இந்த முடிச்சு உறுதியானது. பிம்பங்களும் போலிக் குரல்களும் தேர்தல் மேடை ஏறிவிட்ட இன்றைய நாளில் அந்தக் கதை கூடுதல் கனத்தோடு நிற்கிறது.

அடுத்து வந்தது 'மர்மதேசம்'. தமிழ் ரசிகர் வாதத்தின் பெரிய களம் இதுதான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, முதல் தொடர்களை நாகா இயக்க, கே. பாலசந்தரின் நிழலில் 1990களின் நடுவில் தொடங்கிய இந்த வரிசையில் 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என அடுத்தடுத்துத் தொடர்கள் வந்தன. காவிரி டெல்டாக் கரையோரத்தில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிக் கடல் தாண்டி இலங்கை ரூபவாஹினி பார்த்திருந்த வீடுகளில் அப்போதுதான் கேபிள் நுழைந்திருந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவி கிராமத்துத் திண்ணைவரை வந்துவிட்ட நேரம். மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்திலும் பள்ளியிலும் கொலை செய்தது யார் என்ற விவாதம் ஓடியது.

'மர்மதேசம்' அறிவியல் புனைவுதானா என்பதே முதல் சண்டை. கறாரான வரையறைப்படி இல்லை என்பார்கள் சிலர். ஆனால் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். 'விடாது கருப்பு' கதையில் ஊரில் கொலைகள் நடக்கின்றன. கருப்பசாமி குதிரையேறி வந்து குற்றவாளிகளைத் தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. இறுதியில் கொலைகளுக்குப் பின்னால் ஆளுமைப் பிளவு என்ற உளவியல் காரணம் இருப்பது தெரியவருகிறது. 'ரகசியம்' தொடரில் பைரவர் கோயில், இரவில் நிகழும் சாவுகள், நடுவில் சித்தர் மருத்துவத்தின் நவபாஷாண லிங்கம். ஒவ்வொரு தொடரும் முதல் அத்தியாயத்திலேயே பார்வையாளரோடு ஓர் ஒப்பந்தம் போடுகிறது: இது தெய்வச் செயலாகத் தெரியும், காரணம் தேடுபவர்களும் கதைக்குள் இருப்பார்கள், முடிவில் கணக்கு ஒப்படைக்கப்படும். நம்புகிறவர், நம்பாதவர், ஆராய்கிறவர் மூவரையும் ஒரே வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பேச விடுவது இந்திரா சௌந்தர்ராஜனின் பலம்.

இரண்டாம் சண்டை முடிவுகளைப் பற்றியது. இதுதான் சுவையானது. எல்லாவற்றையும் விளக்கிய பிறகும் கடைசிக் காட்சியில் ஒரு சிறு இடத்தைத் தெய்வத்துக்கு விட்டுவைப்பது இந்தத் தொடர்களின் பழக்கம். விளக்கத்தில் அடங்காத ஏதோ ஒன்று எஞ்சி நிற்கும். பகுத்தறிவுப் பக்கம் நிற்கும் ரசிகர் இதை ஏமாற்று என்கிறார்: ஐம்பது வாரம் ஆராய்ந்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் கதவைத் திறந்து பேயை உள்ளே விடுகிறார்கள். பக்திப் பக்கம் நிற்பவருக்கோ எதிர்த்திசையில் குறை: சாமியைக் காட்டிவிட்டு உளவியல் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். இரு தரப்பும் கேட்பது ஒன்றையே: போட்ட ஒப்பந்தத்தை முழுதாக நிறைவேற்று. இந்த அளவுகோலில் 'விடாது கருப்பு' பெரும்பாலோர் கணக்கில் முதலிடம் பெறுவது நியாயமே. அங்கே காரணமும் நம்பிக்கையும் ஒரே மனித மனத்துக்குள் இருக்கின்றன. கருப்பு மேலுள்ள ஊரின் நம்பிக்கை இல்லாமல் அந்த நோய்க்கு அந்த உருவம் கிடைத்திருக்காது. அறிவியல் விளக்கம் நம்பிக்கையை அழிக்காமல், அது செயல்படும் விதத்தைக் காட்டிவிடுகிறது. பின்வந்த தொடர்களில் இந்த இறுக்கம் குறைந்தது என்பதே என் தீர்ப்பு. மர்மங்கள் பெருகின, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கம் தேவைப்பட்டது, விளக்கங்கள் ஒன்றையொன்று தாங்கவில்லை.

2004இல் சன் டிவியில் நாகா கொண்டுவந்த 'சிதம்பர ரகசியம்' நாடி ஜோதிடத்தை மையமாக வைத்தது. நாடி ஏட்டுக்குப் பேர்போன வைத்தீசுவரன்கோயில் இதே டெல்டாவில் இருக்கிறது. செவ்வாய்க்கு வைத்தீசுவரன்கோயில், புதனுக்குத் திருவெண்காடு, சனிக்குத் திருநள்ளாறு என்று கோள்களைக் கோயில்களாகப் பிரித்துவைத்துக்கொண்ட பூமி இது. விண்ணைப் பற்றிய கதை இங்கே எடுபடுவதில் வியப்பில்லை.

கோள்களின் கணக்கில் திருநள்ளாறு கறாராகவும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சனி சூரியனைச் சுற்ற சுமார் இருபத்தொன்பதரை ஆண்டு ஆகும். பன்னிரண்டு ராசிகளால் வகுத்தால் ஒரு ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. அதன்படி கும்பத்துக்குப் பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20. திருக்கணிதப் பஞ்சாங்கத்திலோ அது 2023 ஜனவரி 17 அன்றே நடந்துவிட்டது. 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி அடுத்த பெயர்ச்சி வந்தபோது, தங்கள் கோயிலில் அன்று பெயர்ச்சி விழா இல்லை, வாக்கியப்படி 2026இல்தான் என்று கோயில் தரப்பு விளக்கம் தர வேண்டியிருந்தது. கணக்கை எப்படிப் போட்டோம் என்று கேட்கவும் பதில் சொல்லவும் செய்யும் மரபு இங்கே உயிரோடு இருப்பதற்கு இது சான்று.

அப்படிப்பட்ட ஊரின் பெயரில் உலவும் செயற்கைக்கோள் கதையை இனிச் சோதிக்கலாம்.

முதலில், எந்தச் செயற்கைக்கோள்? நமக்குத் தொலைக்காட்சி தரும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. ஆகவே அந்த வகைச் செயற்கைக்கோள் எதுவும் திருநள்ளாற்றின் உச்சிக்கு வருவதே இல்லை. ஊரின் மொட்டைமாடிகளில் உள்ள டிஷ்கள் தெற்கும் தென்கிழக்குமாகத் திரும்பியிருப்பது இதனால்தான். உச்சியைக் கடந்து போகக்கூடியவை தாழ்வான சுற்றுப்பாதைக் கலங்கள். அவற்றை மேலே வைத்திருப்பது விநாடிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் என்ற வேகம் மட்டுமே. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கலம் நின்றுவிட்டால் அது மூன்று விநாடி கழித்துப் பயணத்தைத் தொடராது. இழந்த வேகத்தைத் திருப்பித் தர அங்கே எதுவும் இல்லை. சில நிமிடங்களில் பூமியை நோக்கி விழுந்துவிடும். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதன் பாதை திருநள்ளாற்று வானத்தையும் உள்ளடக்கியது. மனிதர்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள்.

அடுத்தது கதிர். சனி நம்மிடமிருந்து சுமார் 120 கோடி முதல் 166 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து ஒளி வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பூமியின் சுழற்சியால் மட்டும் திருநள்ளாறு 1,600 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நாளில் பாதி நேரம் சனி அடிவானத்துக்குக் கீழே இருக்கும்; அப்போது பூமியே குறுக்கே நிற்கிறது. 2004 முதல் 2017 வரை காசினி விண்கலம் சனியைச் சுற்றிவந்து அளந்தது. ஒரு கோயில் அகலத்துக்குக் குவிந்து வரும் கதிர் எதையும் அது காணவில்லை.

ஒரு தொடரின் ரசிகர் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே கையைத் தூக்கியிருப்பார். கதிர் மூன்று விநாடி மட்டும் ஏன்? செயற்கைக்கோளை நிறுத்தும் கதிர் விமானத்தை ஏன் நிறுத்தவில்லை? பக்தர் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியை ஏன் விட்டுவைத்தது? இத்தனை இடத்தில் இடித்தால் அந்தக் கதை தேர்வில் தோற்றுவிட்டது என்று பொருள். மனிதர்கள் ஒரு கதையிடம் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகள் இவை. 'அறிவியல் நிரூபித்தது' என்ற முத்திரை விழுந்ததும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். என் கவலை இதுதான்.

கோயிலின் பழங்கதைகள் இதைவிட எவ்வளவோ உயர்ந்தவை. நளன் கதையில் ஒரு விதி இருக்கிறது: சனி யாரையும் விடாது, அரசனானாலும் காலக்கெடு முடியும்வரை அனுபவிக்க வேண்டும், இந்தத் தலத்தில் அதன் பிடி தளர்கிறது. கதை தொடக்கம் முதல் இறுதிவரை இந்த விதியை மீறுவதில்லை. மதுரையில் சமணரோடு நடந்த அனல் வாதத்தில் சம்பந்தரின் திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு நெருப்பில் இடப்பட்டுப் பச்சையாகவே மீண்டது என்று சொல்லும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்ட சோதனை, சாட்சிகள், தோற்றால் என்ன என்ற நிபந்தனை எல்லாம் அதில் உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. கதையாக அது கட்டுக்கோப்பானது. அத்தகைய தலத்துக்கு நாசாவின் பெயரில் ஒரு போலிச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதில் மனம் வருந்தவைக்கும் விஷயம், உண்மையான கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான். நாசாவின் செயற்கைக்கோள் ஒன்று இந்தியாவுக்காக உண்மையாகவே வானில் 'நின்றது'. 1974இல் ஏவப்பட்ட ஏடிஎஸ்-6 கலத்தைக் கிழக்கே நகர்த்தி, ஆப்பிரிக்காவுக்கு மேலே 35 பாகை கிழக்கில் நிறுத்தி, 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பினார்கள். விக்ரம் சாராபாய் கனவு கண்டு, 1969இல் ஒப்பந்தமாகி, அவர் மறைந்த பிறகு நிறைவேறிய திட்டம் அது. தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்த ஆறில் இல்லை. ஆனாலும் பின்னாளில் இன்சாட் வந்ததும், சன் டிவி திருநள்ளாற்றுக் கூடத்தில் ஒளிர்ந்ததும் அந்த அனுபவத்தின் தொடர்ச்சி.

அப்படி நிற்கும் செயற்கைக்கோள்களைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 அக்டோபரில் விரிவாக எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஆர்தர் சி. கிளார்க், அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1975ஆம் ஆண்டுச் சோதனையின்போது இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஒரு பெரிய டிஷ் அமைத்துக் கொடுத்தார்கள். காரைக்காலுக்குத் தெற்கே கடலுக்கு அப்பால், தான் எழுதிய கருத்து நனவாகி வீட்டுக்குள் படமாக வந்ததை ஒரு புனைகதை எழுத்தாளர் பார்த்தார். அவர் எழுதியது பலித்ததற்குக் காரணம் ஒன்றுதான்: கணக்குச் சரியாக இருந்தது.

இன்று தமிழில் இந்த வகைமை எங்கே நிற்கிறது? 2024 அக்டோபரில் நாகா மீண்டும் வந்தார். ஜீ5 தளத்தில் வெளியான 'ஐந்தாம் வேதம்' புராண மர்மத்தோடு செயற்கை நுண்ணறிவையும் இணைக்க முயன்றது. 'மர்மதேசம்' பார்த்து வளர்ந்தவர்கள் ஆவலோடு உட்கார்ந்தார்கள், ஒப்பிட்டார்கள், பிளவுபட்டார்கள். முயற்சி பெரிது. என் கணிப்பில் முடிச்சுகள் அளவுக்கு மீறிவிட்டன, ஒவ்வொன்றுக்கும் ஊறும் நேரம் கிடைக்கவில்லை. வாரம் ஓர் அத்தியாயம் பார்த்து நடுவில் ஆறு நாள் விவாதித்த காலத்தில் ரசிகர் தானே விதிகளை ஊகித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரே இரவில் முழுத் தொடரும் கையில் விழும்போது அந்த ஆறு நாள் கிடைப்பதில்லை. அடுத்த மாதமே, 2024 நவம்பரில், இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தார். அவர் இடத்தை எடுத்துக்கொள்ளத் தொலைக்காட்சியில் இன்னொருவர் தெரியவில்லை. மாலை நேரம் முழுக்க மாமியார், மருமகள், பேய் என்று போய்விட்டது. பேய்த் தொடர்களில் பேய்க்கு விதி கிடையாது. வேண்டும்போது சுவரைக் கடக்கும், வேண்டாதபோது கதவைத் தட்டும். அதைப் பார்த்துப் பழகிய கண் செயற்கைக்கோள் செய்தியில் எதைக் கேள்வி கேட்கும்?

எனவே வேண்டுகோள்கள் இரண்டு. தூர்தர்ஷன் தன் காப்பகத்திலிருந்து 'என் இனிய இயந்திரா' தொடரைத் தெளிவான பிரதியாக, முழுமையாக, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 'மர்மதேசம்' யூடியூபில் புதிய பார்வையாளர்களைப் பெற்றிருப்பது போல அதுவும் பெறும். வாசகர்களுக்கு ஒன்று: அடுத்த சனிப்பெயர்ச்சிக்கு அந்தச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், ஒரு தொடரின் கடைசி அத்தியாயத்தைப் பற்றி நண்பரிடம் கேட்கும் அதே கேள்விகளை அனுப்பியவரிடம் கேளுங்கள். கேட்ட பிறகு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.